கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை

தகரப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மந்தைவெளிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. தெருவில் தண்ணீர் வடியவில்லை. பள்ளிக்கூடம் எனக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ஒரு பொய்மீசை, முதுகு கிழிந்த மூன்று நாடகப் புத்தகங்கள். ஐந்து மாதம் வாத்தியாராக இருந்ததில் கைக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

நீங்கள் எல்லாரும் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு இந்த வாத்தியார் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நான் நாலாம் வகுப்போடு நிறுத்தியவன். பையன்களை வைத்து நாடகம் போடும் கம்பெனி ஒன்று எங்கள் ஊருக்கு வந்தபோது அதன் வண்டியில் ஏறிக்கொண்டேன். குரல் உடையும்வரை பெண் வேஷம். உடைந்த பிறகு படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தேன். கம்பெனி கலைந்ததும் கொத்தனாருக்குக் கல் சுமந்தேன், ஓட்டலில் தண்ணீர் வைத்தேன், இரண்டு வருஷம் மாம்பலத்துக் கடை வாசல்களில் படுத்தேன். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்தவர்கள் திரும்பி வந்து, பள்ளிக்கூடங்கள் நிரம்பி, வாத்தியார்கள் போதாமல் இருந்த காலம் அது. தமிழ்ப் பாடத்தில் நாடகப் பகுதியை நடத்தவும் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடவும் லஸ் பக்கத்தில் ஒரு பள்ளியில் என்னைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சு அடுக்கி வைக்கும் அறையில் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு அது அரண்மனை.

வகுப்பு செகண்ட் ஃபாரம், இன்றைய ஏழாம் வகுப்பு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள். அங்கம், காட்சி, பாத்திரம், வசனம், தனிமொழி, இப்படி ஒவ்வொரு சொல்லும் என்ன, அது நாடகத்தில் எதற்காக இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டும். புத்தகத்தில் இருந்த விளக்கம் எனக்கே புரியாது. அதனால் எல்லாவற்றையும் நடிக்கவைத்தே சொல்லிக்கொடுத்தேன். வகுப்பின் முன்னால் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் மேடை.

தனிமொழிக்கு நான் வைத்திருந்த முறையைச் சொல்கிறேன். அச்சடித்த நாடகங்களில் வசனத்துக்கு முன்னால் 'தனக்குள்' என்று போட்டிருக்கும். பேசுகிறவன் வலது கையை நெஞ்சில் வைத்தால் அது தனக்குள். அந்த நேரத்தில் மேடையில் இருக்கும் மற்றவர்களுக்குக் காது கிடையாது. சிரித்தாலோ திரும்பிப் பார்த்தாலோ கோட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். வகுப்பு முடிந்த பிறகும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. பையன்கள் இதை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சத்தியமாகவே கடைப்பிடித்தார்கள். ராமபத்ரன் என்று ஒரு மயிலாப்பூர்ப் பையன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்: "எங்கப்பா ஆத்துல சொல்லாம ஹோட்டல்ல வெங்காய சாம்பார் சாப்பிட்டுண்டு வரார். அம்மா அந்தச் சட்டையத் தோய்க்கறச்சே மோந்து பாக்கறா. எனக்கு ரெண்டு பேர் மேலயும் பாவமா இருக்கு." ஒருவனும் சிரிக்கவில்லை. நான் அங்கே இருந்தவரை அவனை யாரும் வெங்காயம் என்று கூப்பிடவும் இல்லை. பள்ளிக்கூடப் பையன்களை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். எனக்குப் பெருமையாக இருந்தது.

மேடைக்கூச்சம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவைத்தேன். "எதிர்ல உட்கார்ந்திருக்கிறவன் ஆளே இல்ல. அது சுவர். சுவரைப் பார்த்து யாராவது பயப்படுவானா?"

அவர்களில் ஏழுமலை என்று ஒருவன். மந்தைவெளியில் மதார் பாய் என்பவரின் விறகுத் தொட்டி ஒன்று இருந்தது. கட்டைகளை வாங்கிப் பிளந்து எடைக்கு விற்கும் இடம். அதற்குள் இருந்த கொட்டகையில் அம்மாவோடு இருந்தான். மேல்சட்டையில் எப்போதும் மரத்தூள் இருக்கும். வகுப்பில் வாயைத் திறக்க மாட்டான். ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்கு ஒரு காவலாளி வேஷம் கொடுத்தேன். காட்டில் இளவரசன் ஒளிந்திருக்கும் இடம் காவலாளிக்கு மட்டும் தெரியும். தேடி வருகிறவர்களிடம் சொல்லக் கூடாது. அவர்கள் போன பிறகு நான்கு வரி தனிமொழி. ஏழுமலை அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான்.

அன்று நல்ல மழை. மைதானம் குளமாகிவிட்டதால் டிரில் வகுப்பு நடக்கவில்லை. டிரில் மாஸ்டர் என் வகுப்பில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். முந்தைய யுத்தத்தில் ஹவில்தாராக இருந்தவர். பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. அவருடைய ஒரே மகனும் பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவில் சிக்கிக்கொண்டான். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தார்.

ஏழுமலை மூன்றாவது முறையாக ஒப்பித்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வசனத்தை விட்டுடுடா. உனக்குத் தெரிஞ்சு, யார்கிட்டயும் சொல்லக் கூடாத ஒண்ணு இருக்கும்ல? அதை நினைச்சுக்க. அதையே பேசு. அந்தக் குரல் வந்ததும் இந்த வசனத்துக்கு வந்துடலாம்."

"நெசமாலுமா சார்?"

"நெஞ்சுல கை வை. யாருக்கும் காது இல்ல. எதிர்ல சுவர்."

அவன் கையை வைத்தான். பிறகு தணிந்த குரலில் பேசினான். அந்தக் குரலை அதற்கு முன் நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. கம்பெனியில் வருஷக்கணக்கில் அடிபட்ட நடிகர்களுக்கே வராத குரல்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் என்ன சொன்னான் என்பது என் காதில் ஏறவில்லை. குரல்தான் ஏறியது. சின்ன வயதிலிருந்து படுதாவுக்குப் பின்னால் நின்று குரலை மட்டுமே கேட்டுப் பழகியவன் நான். தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்காவிட்டால் எங்கள் கம்பெனி வாத்தியார் முழங்காலில் பிரம்பால் போடுவார். அந்தப் பிரம்பு இன்னும் என் காலில் இருந்தது.

"அற்புதம்டா! ஆனா கடைசி பெஞ்சுக்குக் கேட்கல. அப்படியே இன்னொரு தடவை. அடிவயித்துலேருந்து எடு."

ஏழுமலை மூச்சை இழுத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசினான்.

"எனக்குத் தெரியும். எங்கண்ணன் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். கேக்குறவங்களாண்ட அம்மா, அவன் பர்மா சண்டையில கீறான்னு சொல்லும். அவன் பர்மாவுல இல்ல. பட்டாளத்த வுட்டு ஓடியாந்துட்டான். பாய் தொட்டியில, சவுக்குக் கட்டைக்குப் பின்னால கீறான். காத்தால அவன் மரம் பொளக்குற சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்துப்பேன். ஒரு நாளைக்குச் சத்தம் கேக்கலன்னா..."

அங்கே நிறுத்தினான்.

டிரில் மாஸ்டர் கண்ணைத் திறந்திருந்தார். எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு, பெஞ்சுகளின் ஓரமாகவே நடந்து கதவைத் தாண்டினார்.

"சார், சார், சுவர் எழுந்து போறது சார்!" என்று ராமபத்ரன் கத்தினான். நாற்பது பையன்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழுமலை சிரிக்கவில்லை. கை இன்னும் நெஞ்சிலேயே இருந்தது. "சார், அவருக்கும் காது இல்லதானே சார்?" என்றான்.

அப்போதுதான் அவன் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாக எனக்குள் வந்து விழுந்தன.

"இல்லடா," என்றேன். "போய் உட்காரு."

அந்த நிமிஷம் நான் ஓடியிருக்க வேண்டும். விறகுத் தொட்டி அரை மணி நடை. ஓடினால் கால் மணி. டிரில் மாஸ்டர் வயதானவர், போலீஸ் ஸ்டேஷனுக்கு மழையில் மெதுவாகத்தான் போவார். எனக்கு இவ்வளவும் தெரியும். ஆனால் தலைமையாசிரியர் பக்கத்து வகுப்பில் இருந்தார். மணி அடிப்பதற்கு முன் வகுப்பை விட்டுப் போன தற்காலிக வாத்தியாருக்கு மறுநாள் வேலை இல்லை. கடை வாசல் கண்முன் வந்தது. அவர் பீடி குடிக்கப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையன்களை எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு இன்னொரு வகுப்பும் எடுத்தேன். காட்சிக்கும் அங்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அதில் விளக்கினேன்.

கடைசி மணி அடித்ததும் ஏழுமலை எனக்கு முன்னால் ஓடினான். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தொட்டியின் பின்பக்கம், பாதி பிளந்த ஒரு புளியங்கட்டையின் அருகில் நின்றிருந்தான். கோடாலி கட்டையிலேயே இருந்தது. அவன் அம்மா தரையில் உட்கார்ந்து சிதறிய சிராய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரமான சிராய்கள். எதற்கும் உதவாது.

தொட்டிக்காரர் மதார் பாய் என்னைக் கண்டதும் சீறினார். "நீ யாரு? நீயும் போலீசா?"

"பள்ளிக்கூட வாத்தியார்."

"வா வாத்தியாரே, வா. நாலு பேரு வந்தாங்க. வண்டியில ஏத்திக்கினு போய்ட்டாங்க. அடிக்கக்கூட இல்ல. வெலங்குக்கு அவனே கையக் குடுத்துட்டான். எனக்கு இன்னா தெரியும்? மரம் பொளக்க ஆளு கேட்டேன், வந்தான், பொளந்தான்."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நீதான் அந்த வாத்தியாரா? போன வாரமெல்லாம் உன் பேச்சுதான். எங்க சார் சொன்னா யாருக்கும் காது கேக்காதும்மா இன்னு சொல்லிக்கினே இருந்தான்." அதைக் கோபமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுபடி குனிந்துகொண்டாள்.

தனிமொழியை நான் பாதிதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மேடையில் இருப்பவனுக்குக் கேட்காது என்பது பாதி. எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. அதன் வேலையே அதுதான். கேட்பவன் இல்லாவிட்டால் பாத்திரம் வாயைத் திறக்கவே தேவையில்லை. கூச்சம் போக வேண்டும் என்று அந்தக் கேட்பவனைச் சுவராக்கிவிட்டேன். நீங்கள் தனிமொழி சொல்லிக்கொடுக்கும்போது முதலில் யார் யார் அறையில் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். பிற்பாடு நானும் நாடகம் சொல்லித்தந்த பல வருஷமும் அப்படித்தான் செய்தேன்.

மறுநாள் காலை வராந்தாவில் டிரில் மாஸ்டர் என்னை நிறுத்தினார். சட்டைப் பொத்தான்களை ஒழுங்காகப் போட்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னத் தப்பா நெனைக்காத. என் புள்ளையும் ஓடி வந்திருக்கலாம். வரல. எவன் ஓடினானோ அவன் எடத்துல என் புள்ள நிக்கிறான்."

"சின்னப் பையன் சொன்னதை வச்சு..."

"அவன் மொதல்ல சொன்னப்ப எனக்குக் கேக்கவே இல்லய்யா. நீதான் ரெண்டாந்தரம் சொல்ல வச்ச."

அதற்குள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

தலைமையாசிரியர் அறையில் ஒரு கான்ஸ்டபிள் காகிதத்தோடு நின்றிருந்தார். வீட்டார் தெரிந்தே அந்த ஆளை ஒளித்துவைத்திருந்ததாக அந்தப் பையன் வகுப்பில் சொன்னான், நான் கேட்டேன் என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டால் அடுத்து அந்த அம்மாளைக் கொண்டுபோவார்கள். அதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம்.

முந்தைய நாள் எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது, நான் யோசித்தேன். அன்று ஒரு நிமிஷம்கூட இல்லை. யோசிக்காமல் சொன்னேன். "பையன் எதையும் சொல்லலீங்க. அது வசனம். நான் எழுதிக் கொடுத்தது. அவன் ஒப்பித்தான்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன ஓய் உளர்றீர்? அந்த ஆள் அங்க இருக்கான்னு உமக்கெப்படித் தெரிஞ்சுது?"

"விறகு வாங்கப் போனப்ப பார்த்தேன். பட்டாளத்துக் கிராப்பு இருந்தது. கதை கட்டினேன்."

"பையனோட அம்மான்னு வரதே?"

"காவலாளிக்கு ஒரு அம்மா வேணும்னு வச்சேன். பாத்திரம் என்ன பேசினாலும் அது எழுதினவனோட பேச்சுங்க. பேசினவனைப் பிடிக்கக் கூடாது."

இதையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தேன். வசனம் யாருடையது என்ற பாடம். டிரில் மாஸ்டர் மூலையில் நின்றிருந்தார். அவர் வாயைத் திறந்தால் நான் தொலைந்தேன். அவர் ஜன்னல் வழியாக மைதானத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை பேசவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

"அப்படியே எழுதிக் கொடும்," என்றார் தலைமையாசிரியர். எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருக்கும். கான்ஸ்டபிள் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துக்கொண்டார். அவர் போன பிறகு தலைமையாசிரியர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்: "காட்சின்னா இன்னது, அங்கம்னா இன்னதுன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே ஓய். உம்மை யார் மனசையெல்லாம் தோண்டச் சொன்னா? சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த அம்மாளைத் தேடி யாரும் வரவில்லை. என் காகிதத்தாலா, ஆள் கிடைத்துவிட்ட திருப்தியாலா, தெரியாது.

விறகுத் தொட்டிக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதற்குப் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவா? அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஏழுமலை அங்கே இல்லை. அண்ணனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். முந்தைய நாளும் போனானாம். ஆளை அங்கே வைத்திருக்கவில்லை என்று சொல்லியும் கேட்கவில்லையாம். கொட்டகை வாசலில் அந்த அம்மாள் பானை சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறாங்க?" என்று மதார் பாயிடம் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் போகச் சொல்லல வாத்தியாரே, அல்லா மேல ஆணை. ஆனா கொட்டா மரம் பொளக்கிறவனுக்குன்னு வச்சது. நாளைக்கு வேற ஆளு பொண்டாட்டி புள்ளையோட வருவான். அவன எங்க வெக்கிறது?"

"எனக்குப் பொண்டாட்டி பிள்ளை கிடையாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைத் தடவினார். "சாக்கட்டி புடிச்ச கை."

"அதுக்கு முன்னால கல்லு தூக்கின கை. நான் எடைமேடைகிட்ட படுத்துக்கறேன். கொட்டகையில இருக்கிறவங்க இருக்கட்டும்."

பாய் என் கையை விட்டார். "வாத்தியாரு வேல?"

"போயிடுச்சு."

"விடிஞ்சதும் வா," என்றார். "புளியங்கட்டை கீது. பாக்கலாம்."

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள். பானைகளை மறுபடி உள்ளே கொண்டுபோனாள்.

விடிந்ததும் பின்பக்கம் போனேன். கோடாலி அதே கட்டையில் இருந்தது. காலால் கட்டையை மிதித்து அதைப் பிடுங்கினேன். ஒரு துண்டை நிறுத்திவைத்து ஓங்கிப் போட்டேன். கட்டை பிளக்கவில்லை. சத்தம் மட்டும் தொட்டி முழுக்கப் போனது. இரண்டாவது முறை போட்டேன்.

கொட்டகைக்குள் ஒரு பாத்திரம் உருண்டது. வாசலில் தொங்கிய சாக்கைத் தள்ளிக்கொண்டு ஏழுமலை ஓடி வந்தான். கண் முழுதாகத் திறக்கவில்லை. "அண்ணா!" என்றான். சவுக்கு அடுக்கைச் சுற்றி வந்து என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

நான் கோடாலியைப் பிடித்தபடி நின்றேன். தூற்றல் போட்டது. அவன் என்னைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான், கோடாலியைப் பார்த்தான்.

"காம்பு ஆடுது," என்றான். "தண்ணியில போட்டு வை. ஊறிச்சின்னா இறுகிக்கும். அண்ணன் அப்டித்தான் பண்ணும்."

சார் என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டான்.

ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கோடாலியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பிறகு எடுத்து வந்து மூன்று முறை, நான்கு முறை போட்டேன். எடைமேடையிலிருந்து மதார் பாய் குரல் கொடுத்தார்.

"சத்தம் வருது வாத்தியாரே. வெறகு வரலியே!"

"வரும் பாய்," என்று சொல்லிவிட்டுக் கட்டையைத் திருப்பி வைத்தேன்.